உராய்வும் உழைப்பும்: பின்சில்லு ஒன்றின் வரலாறு

வெயில் தாழ்ந்த ஒரு மாலைப்பொழுதில் சந்தியிலுள்ள சைக்கிள் கடையொன்றின் முன்னால் சற்று நேரம் நிற்போமாயின், நமக்கு நன்கு பழக்கமான ஒரு காட்சியைக் காண்போம். “உழக்க உழக்கப் பாரமாய்க் கிடக்குது” என்ற முறைப்பாட்டுடன் ஒருவர் தமது துவிச்சக்கரவண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். கடையிலிருப்பவர் விளக்கம் எதுவும் கேட்பதில்லை. ஒரு கையால் ஆசனத்தைப் பற்றி வண்டியின் பின்புறத்தைத் தூக்குகிறார். மறுகையால் பின்சில்லைச் சுழற்றிவிட்டு, அந்தக் கையைச் சட்டத்தின்மீது வைக்கிறார். சில்லு ஓடி ஓய்வதற்குள் அவருடைய தீர்ப்பு வெளிவந்துவிடுகிறது: “வலப்பக்கக் கோன் தேஞ்சு போச்சு, அச்சும் வளைஞ்சிருக்கும்.” கழற்றிப் பார்க்கும்போது அவர் கூறியது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இந்த மனிதரை நமது சமுதாயம் கல்விமான் என்று அழைப்பதில்லை. கைகளில் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது என்பதற்காகவே பல வீடுகளில் அவருக்கு இருக்கையும் கொடுப்பதில்லை. ஆயினும், அந்த ஒரு நிமிட நேரத்தில் அவர் செய்தது யாது? புலப்படும் அறிகுறிகளிலிருந்து புலப்படாத காரணத்தை உய்த்துணர்ந்தார். வைத்தியர் நாடி பிடிப்பதற்கும் இதற்கும் முறையளவில் வேறுபாடு இல்லை. இந்த அறிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? அது ஒரு தனிமனிதரின் சாமர்த்தியம் மட்டுமன்று. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகளில், பெயர் பெற்றவர்களும் பெயரற்றவர்களுமான மனிதர்கள் உராய்வு என்னும் தடையுடன் நடத்திய போராட்டத்தின் பேறு அது. பின்சில்லின் நடுவே மறைந்து கிடக்கும், ஒரு சாணுக்கும் குறைவான அச்சில் அந்த வரலாறு அடங்கியிருக்கிறது.

முதலில் அவருடைய சோதனை முறையை நோக்குவோம். வண்டி பாரமாக ஓடுகிறது என்பது ஒரே முறைப்பாடு. அதற்குக் காரணங்களோ பல. ஆதலின் அவர் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருகிறார். ரயரில் காற்றுக் குறைந்திருந்தால், ரப்பர் நசிந்து நசிந்து நிமிர்வதிலேயே மிதிப்பவரின் உழைப்பில் ஒரு பகுதி வீணாகும். ஆகவே பெருவிரலால் ரயரை அமுக்கிப் பார்ப்பது முதற்படி. அடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் ஏதோ உரசுகிறதா? அவ்வாறாயின் வளைந்த றிம் பிறேக் கட்டையில் படுகிறது; அச்சின்மீது பழி சுமத்த வேண்டியதில்லை. கால்களை நிறுத்திய பின்னர், செயினின் மேற்பகுதி முன்னோக்கித் தள்ளப்பட்டுத் தொய்கிறதா? அவ்வாறாயின் பிறீவீல் இறுகியிருக்கிறது. செயின் நாண்போல் விறைத்திருக்கிறதா? அது அச்சை ஓயாது முன்னோக்கி இழுத்து உராய்வைப் பெருக்கும். நடுவில் ஏறக்குறைய அரை அங்குலம் மேலும் கீழும் அசையுமாறு அதைத் தளர்த்த வேண்டும்.

இவையனைத்தும் விலக்கப்பட்ட பின்னரே அச்சு விசாரணைக்கு வருகிறது. றிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கும்போது ஆட்டம் தெரியுமாயின் கோன் தளர்ந்திருக்கிறது. சில்லைக் கழற்றி அச்சின் முனையை விரல்களால் சுற்றும்போது மணல் அரைபடுவது போன்ற உணர்வு ஏற்படுமாயின், உருக்குக் குண்டுகளோ அவை ஓடும் பாதையோ குழிந்திருக்கின்றன. ஒரு சுற்றின் ஒரு பாதியில் இறுகி மறுபாதியில் இளகுமாயின், அல்லது சுற்றும்போது அச்சின் முனை நேரே நில்லாமல் சிறு வட்டமொன்றை வரையுமாயின், அச்சு வளைந்துவிட்டது. நட்டுகளை இறுக்குவதற்கு முன் இலகுவாக ஓடிய சில்லு இறுக்கியபின் விறைக்குமாயின், கோனும் அதன் பூட்டுநட்டும் ஒன்றோடொன்று சரியாகப் பூட்டப்படவில்லை. அன்றேல் அச்சைத் தாங்கும் இரு கவர்களும் சமாந்தரமாக இல்லை. சில்லு திடீரென ஒரு பக்கம் சாய்ந்து சட்டத்தில் உரசுமாயின், அச்சு முறிந்தே போயிருக்கலாம். இரு பக்க நட்டுகளும் இரு துண்டுகளையும் பிடித்துக்கொண்டிருப்பதால், முறிந்த அச்சுடனும் வண்டி சிறிது தூரம் ஓடும். உடையவர் அதை அறியார், கடைக்காரர் அறிவார்.

உராய்வை மனிதன் உணராத காலம் இல்லை. மாட்டுவண்டிலின் அச்சுக்கு எண்ணெயிட்ட உழவன் அதை உணர்ந்தே செய்தான். ஆனால் அதனை அளந்து, விதியாக வகுக்கும் முயற்சி பிற்காலத்தது. 1699 இல் கியோம் அமொந்தொன் என்பவர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன், உராய்வு சுமைக்கு விகிதசமமானது என்றும், தொடும் பரப்பின் அளவைச் சார்ந்ததன்று என்றும் எடுத்துரைத்தார். 1781 இல் சார்ள் கூலோம் இவ்வாராய்ச்சியை விரிவாக நடத்தி அதே கழகத்தின் பரிசைப் பெற்றார். அவர் சோதனைகளை நடத்திய இடம் யாது? ரொஷ்போர் என்னும் கடற்படைத் துறைமுகத்தின் கப்பல் கட்டும் தளம். கப்பற் கயிறுகளும் கப்பிகளும் எவ்வளவு விசையை விழுங்குகின்றன என்பதை அரசு அறிய விரும்பியது; அத்தேவையிலிருந்தே விதி பிறந்தது. நமது மாணவர்கள் உராய்வுக் குணகத்தைச் செவ்வன் மறுதாக்கத்தால் பெருக்கி எழுதும் அந்தச் சூத்திரத்தின் பின்னால் பெருமரங்களையும் கயிறுகளையும் இழுத்த தொழிலாளரின் வியர்வை இருக்கிறது.

வழுக்கும் உராய்விலும் உருளும் உராய்வு மிகக் குறைவு என்பதும் நெடுங்காலமாக அறியப்பட்டதே. 1794 இல் வேல்ஸ் நாட்டுக் கார்மார்த்தன் நகரின் இரும்பு உற்பத்தியாளரான பிலிப் வோன் என்பவர், வண்டி அச்சுக்கும் சில்லுக்கும் இடையே குண்டுகளை வைத்து உருளச் செய்யும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது பரவவில்லை. காரணம் கருத்தின் குறை அன்று. ஒரே அளவான, கடினமான, முழு உருண்டையான உலோகக் குண்டுகளை மலிவாகச் செய்யும் ஆற்றல் அன்றைய உற்பத்திமுறைக்கு இருக்கவில்லை. சிந்தனை முந்திக்கொண்டு நின்றது, கருவிகள் பின்தங்கியிருந்தன.

துவிச்சக்கரவண்டியே இந்த இடைவெளியைக் குறுக்கியது. 1817 இல் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வொன் டிறைஸ் ஓட்டிக்காட்டிய, கால்களால் நிலத்தை உந்திச் செல்லும் மரவண்டியின் அச்சுகள் பித்தளை உறைகளில் சுழன்றன. 1860 களில் பாரிஸ் நகரில் மிஷோ குடும்பத்தினரின் பட்டறையிலிருந்து முன்சில்லில் மிதிகட்டை பூட்டிய வண்டிகள் வெளிவந்தன. குதிரை இழுக்கும் வண்டியில் அச்சின் உராய்வு குதிரையின் துன்பம். மனிதன் தன் கால்களால் ஓட்டும் வண்டியிலோ ஒவ்வொரு சுற்றின் உராய்வையும் அவன் தன் தசைகளில் உணர்கிறான். ஆகவேதான் குண்டுப்போதிகை குதிரைவண்டியில் நிலைபெறாமல் சைக்கிளில் நிலைபெற்றது போலும்.

பாரிஸ் நகர வண்டித் தயாரிப்பாளரான ஜூல் சுரிறே 1869 இல் சைக்கிளுக்கான குண்டுப்போதிகைக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பர் 7 ஆம் திகதி பாரிஸிலிருந்து ருவான் நகர்வரை, ஏறத்தாழ 123 கிலோமீற்றர் தூரத்துக்கு நடந்த ஓட்டப்போட்டியில், குண்டுப்போதிகை பூட்டிய வண்டியில் சென்ற ஜேம்ஸ் மூர் என்ற ஆங்கிலேய இளைஞர் வெற்றி பெற்றார். வென்றவரின் பெயரை வரலாறு போற்றி வைத்திருக்கிறது. அந்தக் குண்டுகளைத் தேய்த்து உருட்டியவர்கள் யாவர்? பாரிஸின் சாந்த் பெலாஜி சிறைச்சாலைக் கைதிகள் கையால் தேய்த்தவை அவை என்பது சைக்கிள் வரலாறு எழுதுவோர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. அவர்களில் ஒருவருடைய பெயரையும் நாம் கேள்விப்பட்டதில்லை.

இதுவரை பின்சில்லு வெறும் பின்தொடரும் சில்லாகவே இருந்தது. 1870 களின் உயர்சில்லு வண்டியில் முன்சில்லே மனிதனைச் சுமந்தது, முன்சில்லே ஓட்டியது. பின்சில்லுக்குப் பெரும்பாரத்தைக் கொடுத்தது செயின். 1879 இல் ஹரி லோசன் செயினால் பின்சில்லை இயக்கும் வண்டியொன்றை இங்கிலாந்தில் வடிவமைத்தார். 1880 இல் மஞ்செஸ்டரில் குடியேறியிருந்த சுவிற்சர்லாந்துக்காரரான ஹான்ஸ் றெனோல்ட் உருளைச் செயினை மேம்படுத்தினார். 1885 இல் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி ‘றோவர்’ வண்டியை வெளியிட்டார். இன்று நமது வீதிகளில் ஓடும் வண்டியின் அடிப்படை வடிவம் அதுவே. அன்றிலிருந்து, மனிதனின் எடையில் பெரும்பகுதி, பின்னால் கட்டும் மூட்டை, செயினின் இழுவை ஆகிய யாவும் அந்தச் சிறு அச்சின்மீது வந்து குவிந்தன. எந்தப் பகுதி அதிகம் உழைக்கிறதோ அந்தப் பகுதியே முதலில் தேய்கிறது.

இங்கே குண்டின் பிரச்சினை மீண்டும் தலைதூக்கியது. சாதாரண வண்டியின் பின்சில்லில் பக்கத்துக்கு 9 ஆக, கால் அங்குல விட்டமுடைய 18 உருக்குக் குண்டுகள் இருக்கின்றன. அவை சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. ஜேர்மன் பொறியியலாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1901 இல் வெளியிட்ட ஆய்வின் கணக்கைக் கொண்டு நோக்கினால், 9 குண்டுகளுள் அடியில் வரும் ஒரு குண்டு அப்பக்கச் சுமையில் ஏறக்குறையப் பாதியைத் தாங்குகிறது. ஒரு குண்டு மற்றவற்றிலும் மயிரிழை பெரிதாயிருந்தால் அதன் பாடு இன்னும் மோசம். தொடும் இடமோ ஊசிமுனை அளவினது. அத்தகைய தொடுகையில் எழும் தகைப்பை முதன்முதலில் கணித்தவர், 1881 இல் கண்ணாடி வில்லைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஹைன்றிச் ஹேர்ட்ஸ். சில்லு சுழலும்போது, சில்லோடு சேர்ந்த கிண்ணம் சுழல்கிறது. கோனோ அச்சோடு அசையாது நிற்கிறது. அதனால் சுமை எப்போதும் கோனின் ஒரே பக்கத்தில் விழுகிறது. அங்கேயே உருக்கு களைத்துச் செதிள் செதிளாக உதிர்கிறது. கடைக்காரர் கோனைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போது தேடுவது அந்த ஒற்றைப் பக்கக் குழியையே.

குண்டுகளின் சமத்துவத்தைச் சாத்தியமாக்கியவர் ஷ்வைன்பூர்ட் என்னும் சிறு ஜேர்மன் நகரின் பிரீட்றிச் பிஷர். 1883 இல் அவர் அமைத்த அரைக்கும் பொறி, உருக்குக் குண்டுகளை ஒரே அளவில் பெருந்தொகையாக உருட்டித் தள்ளியது. சிறைக்கைதியின் உள்ளங்கை செய்த வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இயந்திரம் செய்ததைச் சரிபார்ப்பது யார்? அது மீண்டும் மனிதக் கைக்கே வந்து சேர்ந்தது. அதுவும் பெண்களின் கைக்கு.

அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்தில் பிட்ச்பேர்க் நகரில், சைக்கிள் மோகம் உச்சத்திலிருந்த 1890 களில், குண்டு செய்யும் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ 120 பெண்கள் இந்த வேலையைச் செய்தனர். பிரெடெரிக் டெய்லர் 1911 இல் வெளியிட்ட ‘விஞ்ஞான முகாமைத்துவக் கோட்பாடுகள்’ என்ற நூலில் இதனை விவரிக்கிறார். இடதுகையின் புறத்தே, ஒட்டிய இரு விரல்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் குண்டுகளை வரிசையாக வைத்து, கடும் வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்ப்பர். பழுதானதை வலதுகையிலுள்ள காந்தத்தால் பொறுக்கி எறிவர். நசிந்தது, மெதுவானது, கீறல் விழுந்தது, சூளையில் வெடித்தது எனப் பழுதுகள் நான்கு வகை. பழகாத கண்ணுக்கு அவை தெரியமாட்டா. நாளொன்றுக்குப் பத்தரை மணிநேரம் இவ்வேலை நடந்தது.

டெய்லரின் முறை புகுத்தப்பட்டதும் வேலைநேரம் எட்டரை மணியாகக் குறைந்தது; ஒன்றேகால் மணிநேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு கிடைத்தது; எஞ்சியோரின் கூலி 80 முதல் 100 வீதம் வரை உயர்ந்தது. இவற்றை நாம் மறைத்தல் ஆகாது. ஆனால் 120 பேர் செய்த வேலையை இறுதியில் 35 பேர் செய்தனர். வேலையின்போது பேசிக்கொள்ள வசதிப்படாத தூரத்தில் அவர்கள் தனித்தனியே இருத்தப்பட்டனர். புத்திசாலிகளும் உழைப்பாளிகளும் நம்பிக்கைக்குரியவர்களுமான பலர், கண்டவுடன் கை இயங்கும் வேகம் போதாது என்ற ஒரே காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டனர் என்பதை டெய்லரே ஒப்புக்கொள்கிறார். குண்டுகளில் பழுதானதைப் பொறுக்கிய பெண்களையே குண்டுகளைப் போலப் பொறுக்கி எறிந்தது அந்த முறை. நமது பின்சில்லு ஓசையின்றி ஓடுகிறது என்றால், அந்த ஓசையின்மைக்கு உழைப்பாளர் கொடுத்த விலைகளுள் இதுவும் ஒன்று.

ஷ்வைன்பூர்ட்டின் கதை இத்துடன் முடியவில்லை. அதே நகரில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் என்பவர் 1903 இல், மிதிப்பதை நிறுத்தினாலும் சில்லு தன்பாட்டில் ஓடவும், பின்னோக்கி மிதித்தால் நிற்கவும் செய்யும் ‘டோர்பிடோ’ என்ற பின்சில்லு அமைப்பை வெளியிட்டார். சைக்கிளுக்காக வளர்ந்த குண்டு, பின்னர் மோட்டார் வாகனத்துக்கும் விமானத்துக்கும் பீரங்கிக்கும் இன்றியமையாததாயிற்று. விளைவு என்ன? 1943 ஓகஸ்ட் 17 இலும் ஒக்டோபர் 14 இலும் அமெரிக்க விமானங்கள் அந்நகரின் போதிகை ஆலைகளைத் தாக்கின. இரு நாட்களிலும் நாளொன்றுக்கு 60 குண்டுவீச்சு விமானங்கள் வீழ்ந்தன. ஆலைகளுக்குள் நாஜிகளால் வலிந்து கொண்டுவரப்பட்ட அந்நிய நாட்டுத் தொழிலாளரும் இருந்தனர். உராய்வைக் குறைத்து மனிதனின் உழைப்பை இலகுவாக்கத் தோன்றிய பொருள், இலாபமும் போரும் ஆளும் உலகில் அதே மனிதனின் அழிவுக்குக் காரணமாயிற்று. குற்றம் குண்டினது அன்று.

உற்பத்தி செய்த நாடுகளின் கதை இதுவாக, நம்போன்ற குடியேற்ற நாடுகள் முடிந்த பொருளை வாங்குவோராகவும் மூலப்பொருளைக் கொடுப்போராகவும் வைக்கப்பட்டிருந்தன. பெருவிரலால் அமுக்கிப் பார்க்கும் அந்த ரயரை எண்ணிப் பார்ப்போம். பிரேசிலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876 இல் நமது ஹெனரத்கொடைப் பூங்காவுக்குக் கன்றுகளாக வந்தன. 1888 இல் டன்லொப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்ற பின்னர், ரப்பரின் தேவை பெருகியது. அதன்பின் எழுந்த தோட்டங்களில், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் சிங்களக் கிராமத்தவரும் பால் வெட்டினர். அவர்கள் வெட்டிய பால் கடல் கடந்து சென்று ரயராகத் திரும்பி வந்தது. அதை வாங்கும் விலை அவர்களுக்கு எட்டாத் தொலைவில் இருந்தது.

ஆயினும் வாங்குவோராக வைக்கப்பட்டிருந்த மக்கள் வாங்குவோராக மட்டும் இருந்துவிடவில்லை. பொருளைச் செய்யும் ஆலை தம்மிடம் இல்லாதபோதும், அதை உயிரோடு வைத்திருக்கும் அறிவைத் தாமே வளர்த்துக்கொண்டனர். 1954 இல் தியன் பியன் பூ போர்க்களத்துக்கு வியற்நாமிய மக்கள் 20,000 இற்கு மேற்பட்ட சைக்கிள்களில் அரிசியும் வெடிபொருளும் கொண்டுசென்றனர். கைபிடியில் மூங்கிலைக் கட்டி, சட்டத்தைப் பலப்படுத்தி, ரயருக்குள் துணி சுற்றி, வண்டியொன்றில் 200 கிலோவுக்கு மேலும் ஏற்றி மலைப்பாதையில் தள்ளிச் சென்றனர். பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் தளபதிகள் விமானங்களை எண்ணினார்கள். சைக்கிள்களை எண்ணத் தவறினார்கள்.

நமது அனுபவம் இதனின்றும் வேறானது. எனினும் அதுவும் ஒரு சான்று. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்ட ஆண்டுகளில், அங்கே வாழ்க்கை சைக்கிளின் பின்சில்லில் ஓடியது. விறகும் மீனும் மரக்கறியும் பள்ளிப் பிள்ளைகளும் நோயாளரும் அதன்மீதே ஏற்றப்பட்டனர். ஒருவரைச் சுமக்கச் செய்யப்பட்ட அச்சு மூவரைச் சுமந்தது. அந்நாட்களில் சைக்கிள் திருத்துபவரே போக்குவரத்தின் உயிர்நாடி. பழைய குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, நல்லதைப் பொறுக்கி, கிறீஸ் பூசி மீண்டும் அடுக்கினார்; குழிந்த கோனை அரைச்சுற்றுத் திருப்பிப் பூட்டித் தேயாத பக்கத்தால் சுமை தாங்கச் செய்தார். வெளிச்சத்தில் குண்டை உருட்டிப் பார்த்த அந்த விரல்கள், தாம் அறியாமலே, பிட்ச்பேர்க் பெண்களின் விரல்களோடு உறவு கொண்டிருந்தன. 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, கொழும்பும் அந்தப் பாடத்தைச் சிறிது கற்றுக்கொண்டது.

இனி நமது முதற் காட்சிக்குத் திரும்புவோம். கடைக்காரர் ஏன் வலப்பக்கத்தை முதலில் சந்தேகித்தார்? பிறீவீல் வலப்பக்கத்தில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அப்பக்கத்துக் குண்டுகள் உட்புறம் தள்ளி அமைகின்றன. குண்டுகளுக்கும் சட்டத்தின் கவருக்கும் இடையே அச்சு தாங்குதலின்றி நீள்கிறது. பல பற்சில்லுகள் கொண்ட பிறீவீலாயின் அந்த நீளம் மேலும் கூடும். நெம்புகோலின் விதிப்படி அங்கேயே வளைவும் முறிவும் நிகழ்கின்றன. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1978 இல் வலப்பக்கக் குண்டுகளை வெளிப்புறத்துக்கு நகர்த்தும் அமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது இந்தப் பலவீனத்தைப் போக்குவதற்கே. பொறியியலாளர் வரைபடத்தில் கண்ட அதே உண்மையை, நமது கடைக்காரர் தாம் மாற்றிய முறிந்த அச்சுகளின் குவியலில் கண்டார்.

நமது பாடசாலையில் உராய்வு இரண்டு பக்கச் சூத்திரமாகக் கற்பிக்கப்படுகிறது. நெம்புகோல் வேறொரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அதே பாடசாலையின் வேலியோரத்தில் நூறு சைக்கிள்கள் சாத்திக் கிடக்கின்றன. அவற்றின் அச்சு ஏன் வலப்பக்கத்தில் முறிகிறது என்று கேட்கும் வினாத்தாளை நாம் கண்டதில்லை. மூளையின் வேலை உயர்ந்தது, கையின் வேலை தாழ்ந்தது என்ற பாகுபாட்டை நிலவுடைமைச் சமுதாயம் சாதியாக இறுக்கி வைத்தது. முதலாளித்துவம் அதைச் சம்பளப் பட்டியலாகப் புதுப்பித்தது. நமது கல்வி அதைப் பரீட்சையாகக் காப்பாற்றி வருகிறது. விளைவாக, மாணவன் காரணம் அறிவான், கை அறியான். தொழிலாளி கை அறிவான், அவன் அறிவுக்கு அறிவு என்ற பெயர் கிடைப்பதில்லை. இருவரும் நட்டப்படுகின்றனர்.

ஆசிரிய நண்பர்களுக்கு நாம் கூற விரும்புவது எளிமையானது. அடுத்தமுறை உராய்வைக் கற்பிக்கும் நாளில் ஒரு பழைய பின்சில்லை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். சந்தியில் கடை வைத்திருப்பவரையும் அழைத்துவந்து, உங்கள் நாற்காலியில் இருத்துங்கள். அவர் அச்சைக் கழற்றி, 18 குண்டுகளையும் ஒரு தட்டில் கொட்டட்டும். பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு குண்டை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, பழுதானது எது என்று சொல்லட்டும். சூத்திரத்தை அதற்குப் பின்னர் எழுதலாம்.